விரலுக்கேற்ற வீக்கம்: கம்பெனியின் அளவும் சாப்ட்வேர் விற்பனையும்



சாப்ட்வேர் துறை என்றாலே நம்மில் பலருக்கும் புரோகிராம் எழுதுவதுதான் ஞாபகத்துக்கு வரும். எழுதின புரோகிராமை யாராவது ஒருத்தர் காசு கொடுத்து வாங்கினால்தான் எழுதினவருக்குச் சம்பளம் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. அந்த விற்பனை எப்படி நடக்கிறது, சின்னக் கடைக்கு ஒரு மாதிரியும் பெரிய மில்லுக்கு வேறு மாதிரியும் ஏன் நடக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம்ம மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் விசைத்தறி, சேகோ பேக்டரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, லாரி ஆபீஸ், நூல் மில் என்று பல தொழில்கள் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே பருத்தி ஏலம் நடக்கிறது. இவர்களிடம் முறையாகப் பேசத் தெரிந்த டிப்ளமோக்காரனுக்குப் பெங்களூர் பஸ் ஏறாமலேயே வேலை இருக்கிறது. தெரியாமல் போய்ப் பேசினால் அவர்கள் பணமும் வீண், நம்ம பேரும் வீண். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எதை விற்கிறோம்?

ஒரு வியாபாரத்தில் பில் போடுவது, சரக்கு இருப்பு பார்ப்பது, யார் எவ்வளவு பாக்கி என்று எழுதுவது, சம்பளம் போடுவது, வரி கட்டுவது என்று தனித்தனியாகப் பல நோட்டுகள் உண்டு. இந்த நோட்டுகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்து ஒரே இடத்தில் வைப்பதுதான் வணிக மேலாண்மை சாப்ட்வேர். ஒரு பில்லை ஒரு தடவை அடித்தால் போதும். ஸ்டாக் தானாகக் குறையும், பார்ட்டி கணக்கில் பாக்கி ஏறும், ஜி.எஸ்.டி. தொகை தனியாகச் சேரும், மாதக் கடைசியில் லாப நஷ்டமும் வந்துவிடும். உற்பத்தி, கொள்முதல், குடோன், பணியாளர் என எல்லாத் துறைகளையும் சேர்த்துக் கட்டினால் அதற்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். இந்தப் பெயரை 1990-ல் அமெரிக்காவின் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதாவது நிறுவன வளத் திட்டமிடல்.

சோப்பு விற்பதற்கும் இதை விற்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சோப்பு பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு சோப்பு வாங்கிக்கொள்ளலாம். சாப்ட்வேரை ஒரு தடவை போட்டு, இரண்டு வருடக் கணக்கை அதில் ஏற்றிவிட்டால், மாற்றுவது வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரி. இது வாங்குகிறவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் இத்தனை தயங்குகிறார்.

மூன்று நாற்காலிகள்

கம்பெனி சின்னதா பெரியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடத்தைப் பார்த்தா? வாசலில் நிற்கிற காரைப் பார்த்தா? விற்பனை செய்யப் போகிறவன் பார்க்க வேண்டியது வேறு. சாப்ட்வேர் வாங்கும்போது மூன்று நாற்காலிகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாற்காலியில் பணம் கொடுப்பவர். இரண்டாவதில் எது நல்லது என்று சொல்பவர். மூன்றாவதில் தினமும் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து அடிப்பவர்.

மளிகைக் கடையில் மூன்றிலும் ஒரே ஆள். மிஞ்சிப்போனால் இரண்டாவது நாற்காலியில் அவருடைய ஆடிட்டர் இருப்பார். சேகோ பேக்டரியில் பணம் கொடுப்பவர் முதலாளி, அடிப்பவர் கணக்குப்பிள்ளை. பெரிய ஆலையில் மூன்று நாற்காலியிலும் வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் நாலைந்து பேர். இந்த மூவரும் எவ்வளவு தூரம் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்களோ, அவ்வளவு பெரிய கம்பெனி. விலை, டெமோ, விற்க ஆகும் நாள், பிறகு செய்யும் சர்வீஸ் எல்லாம் இந்தத் தூரத்தைப் பொறுத்தே மாறுகின்றன. கட்டுரையின் சாரமே இதுதான்.

சட்டம் சொல்லும் அளவு

அரசாங்கத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள வரையறைப்படி, முதலீடு ரூ.2.5 கோடிக்கும் விற்றுமுதல் ரூ.10 கோடிக்கும் மேற்படாதது குறு நிறுவனம். ரூ.25 கோடி முதலீடு, ரூ.100 கோடி விற்றுமுதல் வரை சிறு நிறுவனம். ரூ.125 கோடி முதலீடு, ரூ.500 கோடி விற்றுமுதல் வரை நடுத்தர நிறுவனம்.

விற்பனையாளருக்கு இதைவிட உபயோகமான கணக்கு ஒன்று ஜி.எஸ்.டி.யில் இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. பிறகு, ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் பதிந்து எண் வாங்க வேண்டும் என்ற மின் விலைப்பட்டியல் முறை வந்தது. அது ஒரே நாளில் எல்லோருக்கும் வரவில்லை. 2020 அக்டோபர் 1-ல் ரூ.500 கோடி விற்றுமுதலைத் தாண்டியவர்களுக்கு. 2021 ஜனவரியில் ரூ.100 கோடி; அதே ஆண்டு ஏப்ரலில் ரூ.50 கோடி, 2022 ஏப்ரலில் ரூ.20 கோடி, அக்டோபரில் ரூ.10 கோடி, 2023 ஆகஸ்ட் 1-ல் ரூ.5 கோடி. படிக்கட்டு மாதிரி இறங்கி வந்திருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அந்த அளவுக் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் கட்டாயத் தேவையானது. அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே போய்க் கதவைத் தட்டினவருக்கு வியாபாரம் நடந்தது.

ஆனால் விற்றுமுதலை மட்டும் பார்த்துக் கிளம்பக் கூடாது. நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை வருடத்துக்கு ரூ.20 கோடிக்கு முட்டை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி இல்லாத சரக்குக்கு மின் விலைப்பட்டியலும் தேவையில்லை. அங்கே போய் "சட்டம் வந்திருக்குங்க, நீங்க வாங்கித்தான் ஆகணும்" என்று பேசினால், டீ கூடக் கிடைக்காது. அவருடைய கவலை தீவனச் செலவு. ஒரு முட்டைக்குத் தீவனம் எவ்வளவு போகிறது, எந்த ஷெட்டில் கோழி அதிகம் சாகிறது, முட்டை விலை இறங்கினால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பதைக் காட்டினால் உட்காரச் சொல்வார்.

அதேபோல இன்னொரு சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள், கணக்கில் செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் யார் எப்போது செய்தார் என்று பதிந்து வைக்கும் சாப்ட்வேரைத்தான் உபயோகிக்க வேண்டும். இது சின்ன பிரைவேட் லிமிடெட்டுக்கும் பொருந்தும். அதைவிடப் பத்து மடங்கு பெரிய பார்ட்னர்ஷிப் பேக்டரிக்குப் பொருந்தாது. ஆக, போவதற்கு முன் அந்த நிறுவனம் எந்த வகை என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சின்னக் கடை: டாலி சொல்லும் பாடம்

இந்தியாவில் சின்ன வியாபாரிகளிடம் சாப்ட்வேர் விற்று ஜெயித்ததற்கு டாலியை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் மில்களுக்கும் ஆலைகளுக்கும் கச்சாப் பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துவந்தார். தம் கணக்கைப் பார்க்க ஏற்ற சாப்ட்வேர் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று எழுதச் சொன்னார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் கம்பெனி பிறந்தது. டாஸில் ஓடிய அந்த முதல் சாப்ட்வேரில் அடிப்படைக் கணக்கு மட்டுமே இருந்தது. 1999-ல் கம்பெனியின் பெயரே டாலி சொல்யூஷன்ஸ் ஆனது. 2020-ல் பரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? எழுதச் சொன்னவர் ஒரு வியாபாரி. கணக்குப்பிள்ளையின் கஷ்டம் அவருக்குத் தெரியும். அக்காலத்தில் கணக்கு சாப்ட்வேர்களில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு நம்பர் கொடுத்து, அதை மனப்பாடம் பண்ணி அடிக்க வேண்டும். டாலியில் நோட்டில் எழுதுகிற மாதிரி பெயரையே அடிக்கலாம். இந்த ஒரு வசதி போதும், மூன்றாவது நாற்காலிக்காரர் பயமில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது, டாலி போன வழி. ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் டீலர்கள் மூலம் விற்றது. சின்ன வியாபாரி யாரை நம்புவார்? விளம்பரத்தை நம்பமாட்டார், தன் ஆடிட்டரை நம்புவார். ஆடிட்டர் ஆபீஸில் டாலி இருந்தால், "நீங்களும் அதையே போட்டுக்குங்க, வருஷக் கடைசியில எனக்கு வேலை சுலபம்" என்று அவரே சொல்லிவிடுவார். மூன்றாவது, ஊர் ஊருக்கு டாலி வகுப்புகள் வந்தன. வேலைக்கு வருகிற பிள்ளைக்கு ஏற்கெனவே டாலி தெரியும் என்றால் முதலாளி எதற்கு வேறு சாப்ட்வேர் வாங்குவார்? வகுப்பு நடத்துவதே ஒரு விளம்பரமாகிவிட்டது.

நான்காவது, வரிச் சட்டம். தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-ல் வாட் வரி வந்தபோதும், 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும், புதிய வரிக்கேற்ற சாப்ட்வேரைத் தேடி வியாபாரிகளே வரத் தொடங்கினார்கள்.

சரி, நாம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறோம். எப்படிப் பேசுவது? ஐம்பது வசதிகளை அடுக்கக் கூடாது. கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்.

"அதெல்லாஞ் செரி தம்பி, இதப் போட்டா எனக்கு என்ன மிச்சமாகும்?"

"ஏனுங்கண்ணா, போன மாசம் எத்தன பேரு பாக்கி வெச்சிருக்காங்கன்னு இப்பச் சொல்ல முடியுமுங்களா?"

"நோட்டப் பாத்துத்தான் சொல்லோணும்."

"இதுல ஒரு பட்டன அழுத்துனா, யாரு எத்தன நாளா பாக்கின்னு வந்துருமுங்க."

பேச்சு இவ்வளவுதான். பிறகு அவருடைய பில் நாலை அவர் கண்முன்னாலேயே அடித்துக் காட்ட வேண்டும். கம்பெனி கொடுத்த மாதிரி டேட்டாவில் டெல்லி வியாபாரி பெயரைக் காட்டினால் அவருக்கு ஒட்டாது.

விற்பனைச் செலவு: ஒரு சின்னக் கணக்கு

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. சாப்ட்வேர் விலை ரூ.20,000. அதில் டீலருக்குக் கிடைப்பது ரூ.5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையனை ஒரு நாள் அனுப்பச் சம்பளம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ரூ.1,200. டெமோவுக்கு ஒரு நாள், திரும்பப் போய் முடிவு கேட்க ஒரு நாள், போட்டுக் கொடுத்துச் சரக்குப் பெயர்களை ஏற்ற ஒரு நாள், சொல்லிக்கொடுக்க ஒரு நாள். நாலு நாளில் ரூ.4,800 போச்சு. மிச்சம் ரூ.200. ஐந்தாவது தடவை அந்தக் கடைக்குப் போனால் நஷ்டம்.

அதனால்தான் சின்ன வாடிக்கையாளரிடம் தனித்தனியாக அலையாமல், ஆடிட்டர் மூலமாகவும், வணிகர் சங்கக் கூட்டத்திலும், ஒரே தெருவில் பத்துக் கடையாகச் சேர்த்தும் விற்கிறார்கள். சர்வீஸ் போனிலேயே முடிய வேண்டும். சாப்ட்வேர், சொல்லிக்கொடுக்காமலே புரிகிற அளவுக்கு எளிமையாக இருக்க வேண்டும். எளிமை என்பது இங்கே அழகுக்காக அல்ல. அது இல்லாவிட்டால் வியாபாரமே கட்டாது.

பெரிய கம்பெனியில் கணக்கு தலைகீழ். ரூ.50 லட்சம் ஆர்டரில் ரூ.10 லட்சம் நமக்கு என்றால், ஒரு வருடம் அலையலாம், இன்ஜினீயர்களை அனுப்பலாம். ஆனால் ரூ.6 லட்சம் செலவு செய்த பிறகு ஆர்டர் அடுத்தவருக்குப் போனால் அந்த ரூ.6 லட்சமும் அம்போ. சின்ன இடத்தில் சிறு சிறு நஷ்டம் பல. பெரிய இடத்தில் ஒரே அடி.

நடுத்தரம்: நம்ம ஊர்க் களம்

கடைக்கும் ஆலைக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் நம்ம பக்கத்தில் அதிகம். திருச்செங்கோடு ரிக் உரிமையாளர்கள், சேலம் நாமக்கல் சேகோ பேக்டரிகள், பள்ளிபாளையம் குமாரபாளையம் ஜவுளி உற்பத்தியாளர்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள். இவர்களுக்குக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் சாப்ட்வேர் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. பெரிய ஈ.ஆர்.பி. வாங்கினால் யானைக்குத் தைத்த சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கும்.

உதாரணமாக ரிக் தொழிலை எடுத்துக்கொள்வோம். போர் போடும் கூலி அடிக்கணக்கு. ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும். கேசிங் பைப் தனிக் கணக்கு, ஏஜெண்ட் கமிஷன் தனி. வண்டி கர்நாடகாவிலோ மத்தியப் பிரதேசத்திலோ நிற்கும். முதலாளி திருச்செங்கோட்டில் இருப்பார். அவருக்கு வேண்டியது, எந்த வண்டி எத்தனை அடி ஓட்டியது, அடிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்பதுதான். சாதாரண பில்லிங் சாப்ட்வேரில் அடி, டீசல் என்ற பேச்சே இருக்காது.

சேகோ பேக்டரியில் மரவள்ளிக் கிழங்கை எடையை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை போடுகிறார்கள். பொருளை 1981-ல் தொடங்கப்பட்ட சேலம் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் மூலமும் விற்கிறார்கள். பாயிண்ட் கணக்குப் போடத் தெரியாத சாப்ட்வேரை அங்கே கொண்டுபோனால், கணக்குப்பிள்ளை ஒரு கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். பிறகு சாப்ட்வேர் எதற்கு?

எனவே நடுத்தர நிறுவனத்தில் விற்பனைக்கு முதல் வேலை, வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான். இரண்டு நாள் அந்த ஆபீஸில் உட்கார்ந்து, எந்தத் துண்டுச்சீட்டு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ரெடிமேடில் எது கிடைக்கும், எதை மாற்றி எழுத வேண்டும், எது முடியாது என்று மூன்று பட்டியல் கொடுக்க வேண்டும். மூன்றாவது பட்டியலை மறைக்கிற டீலர்தான் பின்னால் கெட்ட பெயர் வாங்குகிறார்.

இன்னொரு முக்கியமான விஷயம், கணக்குப்பிள்ளை. முதலாளி சரி என்று செக் கொடுத்துவிட்டார். இருபது வருடமாகப் பேரேடு எழுதும் பெரியவருக்கு, "இந்த மெஷின் வந்தா நம்ம சீட்டுப் போயிடுமோ" என்ற பயம். அவர் வெளியே சொல்லமாட்டார். "இதுல டோட்டல் தப்பா வருதுங்க" என்று மட்டும் சொல்வார். ஆறு மாதத்தில் சாப்ட்வேர் மூலையில் கிடக்கும். அவரை முதல் நாளே மரியாதையாகக் கலந்து பேசி, ஐயா என்று கூப்பிட்டு, அவருடைய பேரேட்டு முறைப்படியே திரையை அமைத்து, பயிற்சியை அவரிடமிருந்து தொடங்கினால் அதே பெரியவர் நமக்கு விளம்பரதாரர் ஆகிவிடுவார்.

முதலாளிக்கும் ஒரு பயம் உண்டு. "நம்ம கணக்கு வெளிய போயிடுமா?" என்பது. சாப்ட்வேர் அவருடைய கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதா, இன்டர்நெட் மூலம் கம்பெனியின் சர்வரில் இருக்கிறதா, யார் பார்க்கலாம், பாஸ்வேர்டு யாரிடம், தினசரி நகல் எங்கே என்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

நடுத்தரத்தில் பேசச் சட்டத்திலும் ஒரு காரணம் கிடைக்கிறது. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராமல் இழுத்தால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவை வருமானத்தில் கழிக்க முடியும். எந்த பில் 40 நாளைத் தாண்டுகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ரிப்போர்ட் ஒன்றே பெரிய உதவி.

பெரிய நிறுவனம்: கமிட்டியும் டெண்டரும்

ஜெர்மனியில் 1972-ல் ஐ.பி.எம். கம்பெனியிலிருந்து விலகிய ஐந்து இன்ஜினீயர்கள் தொடங்கியது எஸ்.ஏ.பி. நிறுவனம். 1992-ல் வந்த அதன் ஆர்/3 சாப்ட்வேர் உலகின் பெரிய கம்பெனிகளைப் பிடித்தது. சென்னை ராம்கோவும் 1990-களிலேயே மார்ஷல் என்ற ஈ.ஆர்.பி.யை உருவாக்கி விற்றது. இந்த அளவில் சாப்ட்வேரைவிட, அதைப் பொருத்தித் தரும் வேலைக்கே அதிகச் செலவு ஆவது சகஜம். நிதி அதிகாரி செலவைப் பார்ப்பார், கம்ப்யூட்டர் துறைத் தலைவர் பாதுகாப்பைப் பார்ப்பார், உற்பத்தி மேனேஜர் தன் வேலை நிற்குமா என்று பார்ப்பார், கொள்முதல் அதிகாரி மூன்று விலைப்புள்ளி கேட்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதில் வேண்டும். ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் பைல் நகராது.

அரசு நிறுவனம் என்றால் டெண்டர். தமிழ்நாட்டில் இதற்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. பேச்சுத் திறமைக்கு அங்கே இடம் குறைவு. கேட்ட காகிதம் கேட்டபடி இருக்க வேண்டும். சில சமயம் வாங்குவது பெரிய கை, உபயோகிப்பது சின்னக் கையாக இருக்கும். நாடு முழுதும் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ரூ.2,516 கோடி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. முடிவெடுத்தது டெல்லியில், கீபோர்டு முன்னால் உட்காருவது கிராமத்துச் சங்கச் செயலாளர். நாற்காலிகள் இவ்வளவு தூரம் பிரிந்திருக்கும்போது, கிராமத்தில் உட்காருபவருக்குப் பயிற்சி கொடுக்க உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

பெரிய கம்பெனி என்றால் தப்பு நடக்காது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 11.2 கோடி டாலர் செலவில் புதிய சாப்ட்வேர்களைப் போட்டு, 1999 ஜூலையில் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டது. அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு ஹாலோவீன் பண்டிகை, சாக்லேட்டுக்குப் பெரிய சீசன். குடோனில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. சீசன் நெருங்கும்போது அடுப்பை மாற்றிக் கட்டினால் சமையல் என்ன ஆகும்? நம்ம ஊரிலும் அதே பாடம்தான். ஜவுளிக்காரருக்குத் தீபாவளிக்கு முன்னாலும், சேகோ பேக்டரிக்குக் கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும் அரவை சீசனிலும் புது சாப்ட்வேர் போடக் கூடாது. ஆர்டர் கைநழுவினாலும் பரவாயில்லை, "சீசன் முடியட்டுங்க" என்று நாமே சொல்ல வேண்டும்.

மேலே இருந்து கீழே, கீழே இருந்து மேலே

பெரியவருக்குச் செய்ததையே கொஞ்சம் வெட்டிச் சின்னவருக்கு விற்கலாமே என்று தோன்றும். எஸ்.ஏ.பி.யே அப்படிச் செய்யவில்லை. சின்ன நிறுவனங்களுக்கென்று 2002-ல் இஸ்ரேலின் டாப்மேனேஜ் என்ற கம்பெனியை வாங்கி, அதன் சாப்ட்வேரை பிசினஸ் ஒன் என்ற பெயரில் தனியாக விற்றது. அளவு மாறினால் பொருளே மாற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சென்னையிலிருந்து ஒரு உதாரணம் பாருங்கள். ஜோஹோ நிறுவனம் 1996-ல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோரால் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் பெரிய கம்பெனிகளே அன்று அதன் வாடிக்கையாளர்கள். 2000-01-ல் அமெரிக்க டெலிகாம் சந்தை சரிந்ததும் அந்த வியாபாரம் சுருங்கியது. அதன்பின் 2002-ல் கம்ப்யூட்டர் துறைகளுக்கான மேனேஜ்இன்ஜின், 2005-ல் சின்ன அலுவலகங்களுக்கான ஜோஹோ என்று இறங்கி வந்தார்கள். பத்துப் பெரிய வாடிக்கையாளரை நம்புவதைவிடப் பல்லாயிரம் சின்ன வாடிக்கையாளரை நம்புவது பத்திரம் என்பது அதன் பொருள். பிறகு அங்கிருந்து மெதுவாகப் பெரிய நிறுவனங்களை நோக்கியும் ஏறினார்கள்.

திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸும் சின்ன, நடுத்தர நிறுவனங்களில்தான் ஆரம்பித்தது. இலவசமாகச் சில நாள் உபயோகித்துப் பார்த்து, பிடித்தால் மாத வாடகை கட்டும் முறை. சென்னையில் இருந்தபடியே போனிலும் வீடியோவிலும் பேசி உலகமெங்கும் விற்றார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அது இடம்பிடித்தது.

இதிலிருந்து விலை முறையும் விளங்கும். ஒரே தடவை விலை கொடுத்து வாங்கி, வருடாவருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுவது ஒன்று. ஆளுக்கு இத்தனை என்று மாத வாடகை கட்டுவது இன்னொன்று. லைசென்ஸ், பொருத்தும் வேலை, வருடப் பராமரிப்பு என்று தனித்தனி ஒப்பந்தம் போடுவது மூன்றாவது. முதலாவது நம்மூர் வியாபாரிக்குப் பழகினது. "வாங்கினா நம்முது" என்ற திருப்தி அவருக்கு. மாத வாடகையில் ஆரம்பச் செலவு குறைவு. ஆனால் ஐந்து வருடக் கூட்டுத்தொகையை எழுதிக் காட்டிவிட வேண்டும். மூன்றாவது பெரிய இடத்துக்கு.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, ரிக் மேனேஜரின் பேச்சும், கணக்குப்பிள்ளையின் மனசும், விசைத்தறிக்காரரின் பாவு, நூல் கணக்கும் பட்டணத்தில் பிறந்து வளர்ந்த விற்பனையாளருக்குப் புரிய மாதக்கணக்கில் ஆகும். நமக்கோ அது வீட்டுப் பேச்சு. இதோடு கொஞ்சம் ஜி.எஸ்.டி., கொஞ்சம் பற்று வரவு, ஒரு சாப்ட்வேரில் நல்ல பழக்கம், தப்பில்லாமல் ஒரு விலைப்புள்ளி எழுதும் திறமை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் டீலரிடமோ, சாப்ட்வேர் கம்பெனியிலோ, பேக்டரியிலேயோ வேலை உண்டு. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகையோடு பயிற்சி கொடுக்கும் ஜோஹோ பள்ளி 2000-களின் நடுவிலிருந்தே நடந்துவருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். டிகிரி இல்லையே என்ற ஏக்கம் வேண்டியதில்லை.

இந்த விடுமுறையில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு கடை, ஒரு பேக்டரி, ஒரு பெரிய நிறுவனம் என மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யார் பணம் கொடுப்பார், யார் சொன்னால் அவர் கேட்பார், யார் உட்கார்ந்து அடிப்பார் என்று எழுதுங்கள். அந்த மூவருக்கும் உள்ள பயம் என்ன என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். எந்த சாப்ட்வேரை, என்ன விலையில், யார் மூலம், எந்த மாதத்தில் விற்கலாம் என்பது அந்தக் காகிதத்திலிருந்தே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ரூ.20,000-ல் முடிகிற இடத்தில் ரூ.2 லட்சம் சாப்ட்வேரைத் தலையில் கட்டினால் அந்த மாதக் கமிஷன் கிடைக்கும். அடுத்த மாதம் அந்தத் தெருவிலேயே கால் வைக்க முடியாது. சந்தைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்களாக இருக்கும் நம்மைப் போன்ற ஊரில், பொருந்தாததை "உங்களுக்கு இது வேண்டாமுங்க" என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் அடுத்த தடவை கூப்பிட்டு விசாரிப்பார்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, விற்கிறவருக்கும் பொருந்தும்.

வாழ்க மாணவர் ஒற்றுமை! வளர்க நம்ம ஊர்த் தொழில்!